சாமி அலமாரியில் ஒரு தேயிலை வட்டு

போன சனிக்கிழமை காலை. ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு பாரிசின் லா ஷப்பல் மெத்ரோ படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். எதிரே வந்த பெரியவர் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். பயபக்தியோடு ஒதுங்கி வழிவிட்டார்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் பைக்குள் இருந்தது தேயிலை. ஆனால் மணத்தது ஒரு முழுக் கோயில்.

எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் எரியும்.

எலென் என் அலுவலகத்தில் எனக்கு மேலே இருப்பவர். இரண்டு வருடமாக என் பிரெஞ்சு அறிக்கைகளை ஒரு தடவைகூடச் சிரிக்காமல் திருத்தித் தருகிறவர். (சிரிக்க நிறைய இருந்தது.) அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் – தேநீர். அதிலும் பூ-எர் என்கிற சீனத் தேயிலை. அதிலும் பச்சை பூ-எர். அதிலும் பழைய மரத்தது...

நமக்குத் தேயிலை என்றால் இடுப்பளவு செடி, பாக்கெட்டில் தூள். முடிந்தது கதை. இதுவோ ஏணி போட்டு ஏறிப் பறிக்கிற மரம். நூற்றாண்டு கண்ட மரங்களாம். இலையை வெயிலில் காயவைத்து, ஆவி காட்டி, வட்டாக அழுத்தி, அதுபாட்டுக்குப் பக்குவமாகட்டும் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அவசரப்பட்டுப் புளிக்கவைத்தால் அது வேறு வகை. எலென் அதைக் கையாலும் தொடமாட்டார்.

அவர் இதைப் பேச ஆரம்பித்ததும் அலுவலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் அவசரமாக போன் வரும். நான் மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வேன். என்ன செய்வது? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். யார் எதைச் சொன்னாலும் பரீட்சைக்கு வருமோ என்கிற பயம் இன்னும் போகவில்லை.

அந்த நோட்டுதான் என்னை மாட்டிவிட்டது.

எலென் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. அவரிடம் ஒரு பழைய மரத்து வட்டு. கணவரோடு சீனா போனபோது வாங்கியது. பிறகு விவாகரத்து. காரும் சோபாவும் நாயும் கணவருக்குப் போயின. வட்டை மட்டும் எலென் வாதாடி வாங்கிக்கொண்டார். பதினைந்து வருடமாக அதன் உறையைப் பிரிக்கவில்லை. நல்ல நாள் வரட்டும் என்று வைத்திருக்கிறார்.

“பூ-எர் பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பெயின்ட் பட்டால் தொலைந்தது. இரண்டு வாரம் உன் வீட்டில் வைத்திருப்பாயா? இங்கே இதன் அருமை தெரிந்தவன் நீ ஒருவன்தான்” என்றார்.

இப்படி ஒருவர் நம்பிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நானும் அதைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

நான் குடியிருப்பது ரூ பிலிப்-து-ஜிரார் என்கிற தெருவில், மூன்றாம் மாடி. கீழே சாப்பாட்டுக்கடை. காலை பத்து மணிக்கு வெங்காயம் மேலே வரும். பதினொன்றுக்குத் தாளிதம். மத்தியானம் எல்லாமே வரும். வாசனை ஆகாத பொருளைப் பாதுகாக்க பாரிசிலேயே இதைவிட மோசமான முகவரி கிடையாது!

கூட இருப்பவர் தயாளன் அண்ணை. யாழ்ப்பாணம். இருபத்தெட்டு வருடமாக இங்கே உணவகச் சமையல். வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன தம்பி, வறட்டி மாதிரிக் கிடக்கு?”

“விலைமதிப்பில்லாததுண்ணே. வாசனை படக்கூடாது. யாரும் தொடக்கூடாது.”

“ஓம் ஓம். நீர் பயப்பிடாதையும்.”

இடம் தேடினேன். சமையலறை – நினைக்கவே வேண்டாம். துணி அலமாரியில் பூச்சி உருண்டை. கட்டிலுக்கடியில் அண்ணையின் பெட்டி, அதற்குள் ஊர் மிளகாய்த்தூளும் கருவாடும். கடைசியில் புத்தக அலமாரியின் உச்சியில், ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். தொடக்கூடாது என்று நான் போட்ட சட்டம் ஆயிற்றே – நானும் தொடவில்லை. உண்மையான விசுவாசி!

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை எடுக்கப் போனால், பெட்டி காலி.

“அது பத்திரமா இருக்கு தம்பி. சாமியிட்டை வைச்சிருக்கிறன்.”

“என்னது?!”

“பொரிக்கிற புகையெல்லாம் மேலைதானே போய் நிக்கும்? நீர் வைச்ச இடம் பிழை. அதுதான் அடுத்த நாளே மாத்தினனான்.”

சாமி அலமாரியைத் திறந்தேன். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் வட்டு. உறைமேல் சந்தனப் பொட்டு. இந்தப் பக்கம் ஊதுபத்தி. அந்தப் பக்கம் வாய் திறந்த கற்பூரப் பாக்கெட். கிட்டத்தட்ட இரண்டு வாரம். இரண்டு வேளை பூசை.

“வாசனை படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே!”

“கெட்ட மணம் படக்கூடாது எண்டுதானே? கற்பூரம் கெட்ட மணமோ? ஒருத்தரும் தொடக்கூடாது எண்டும் சொன்னனீர். இந்த வீட்டிலை ஒருத்தரும் தொடாத இடம் வேறை எங்கை இருக்கு, சொல்லும் பாப்பம்.”

வட்டை எடுத்து முகர்ந்தேன். முழுக் கோயில்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். என் நோட்டிலேயே எழுதியிருக்கிறது: வயதான பூ-எரில் சில சமயம் லேசான கற்பூர வாசம் வரும், ரசிகர்கள் அதை விரும்புவார்கள். ஆக, பேசாமல் இருந்துவிட்டால்? மரம் கொடுத்த மணம் என்று எலென் மகிழ்ந்துபோகலாம்... வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “படிச்ச பிள்ளை கதைக்கிற கதையே இது? வைச்சது நான். நானே வந்து சொல்லுறன்.”

மறுநாள் காலை இருவரும் போனோம். மெத்ரோ முழுக்க ஒரு மன்னிப்பு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். இலக்கணமெல்லாம் சுத்தம். கதவு திறந்ததும் முதல் வார்த்தையே மறந்துபோயிற்று. அண்ணை முந்திக்கொண்டார் – என் சான்றிதழ் பிரெஞ்சைவிட நூறு மடங்கு சரளமான சமையலறைப் பிரெஞ்சில்.

“மதாம், பிழை என்னுடையது. எங்கள் ஆட்கள் பெறுமதியான சாமானைக் கடவுளிடம் கொடுத்துவிடுவோம். அவர் எடுத்துப் பாவிக்கமாட்டார். அதனால் பத்திரம்.”

எலென் சிரிக்கவில்லை. உறையைப் பிரித்தார். முகர்ந்தார். அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியமில்லை.

பிறகு தண்ணீர் கொதிக்கவைத்தார். ஒரு சின்னக் கத்தியால் வட்டின் விளிம்பிலிருந்து கொஞ்சம் இலையைப் பெயர்த்து மூடிபோட்ட கிண்ணத்தில் போட்டார். முதல் தண்ணீரை ஊற்றி, அப்படியே கொட்டினார் – இலையைக் கழுவத்தான். “ஐயோ, வீணாப் போகுதே” என்றார் அண்ணை. இரண்டாவது தண்ணீரை விரலளவு கோப்பைகளில் ஊற்றித் தந்தார்.

குடித்தேன். தைலம். சுத்தமான தைலம்.

“சளி தடிமனுக்கு நல்லது” என்றார் அண்ணை, நல்லவேளையாகத் தமிழில்.

“விளிம்பு போய்விட்டது” என்றார் எலென். கத்தியை வட்டின் நடுவுக்குக் கொண்டுபோனார். அங்கே நிறுத்தினார். நடுவில் குத்தினால் வட்டு உடையும். பதினைந்து வருடம் முழுசாகக் காத்தது.

குத்தினார்.

நடு இறுக்கமாக அழுத்தப்பட்ட இடம். எங்கள் கற்பூரம் அதுவரை போய்ச் சேரவில்லை. புது இலை, புதுத் தண்ணீர். பொன்னும் செம்பும் கலந்த நிறம். முதல் வாயில் கசப்பு. முகம் சுளிக்கிற கசப்பு. இவ்வளவுதானா என்று நினைத்து விழுங்கினால்... அடித்தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு ஏறி வருகிறது. கோப்பையைக் கீழே வைத்த பிறகும் வந்துகொண்டே இருக்கிறது.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் நோட்டைத் திறந்தேன். காய்ந்த ஆப்ரிகாட் பழம், ஈரக்கல், காட்டுத் தரை... எல்லாம் ரசிகர்களின் வார்த்தை. ஆப்ரிகாட்டை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்ததே இருபத்து மூன்று வயதில்! நோட்டை மூடினேன்.

“நெல்லிக்காய்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அண்ணை விளக்கினார்: ஒரு காய், கடித்தால் துவர்க்கும், புளிக்கும்; மேலே தண்ணீர் குடித்தால் அந்தத் தண்ணீர் இனிக்கும். எலென் இன்னொரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் பேனாவை வாங்கி, என் நோட்டிலேயே அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டி எழுதினார்.

எட்டுத் தடவை தண்ணீர் மாற்றிக் குடித்தோம். கிண்ணத்தில் இலைகள் காம்போடு முழுசு முழுசாக விரிந்து கிடந்தன.

“கெடாமல் வந்திருந்தால் இதை மறுபடியும் பெட்டியில்தான் வைத்திருப்பேன்” என்றார் எலென். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “அடுத்த முறை பெயின்ட் அடித்தால் உன்னிடம் தரமாட்டேன்” என்று மட்டும் சொன்னார். நியாயம்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அண்ணைமேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி? என் பட்டச் சான்றிதழை அப்பா ஒரு வருடம் சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்தார். மஞ்சள் குங்குமம் எல்லாம் உண்டு. இங்கே ஓர் அலுவலகத்தில் அதை நீட்டியபோது, “இது என்ன கறை?” என்று கேட்டார்கள். ஆசீர்வாதம் என்றேன். அவர்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிரிக்காத புடவை, ஊற்றாத சென்ட், விருந்தாளிக்கென்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பீங்கான் கோப்பை... நம் வீடுகளில் நல்ல பொருளெல்லாம் யாருக்காகக் காத்திருக்கிறது? நமக்காக இல்லை என்பது மட்டும் நிச்சயம். இந்த வியாதி நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இருக்கிறது, அவர்கள் கற்பூரம் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

புறப்படும்போது எலென் நடுவிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு உடைத்துத் தாளில் சுற்றித் தந்தார். “குடியுங்கள்” என்றார். அண்ணை அன்று மாலையே தன் பங்கைப் போட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்து முடித்துவிட்டார்.

என் பங்கு பத்திரமாக இருக்கிறது... ஒரு நல்ல நாள் வரட்டும் என்று.