உதவி செய்கிறவர்களின் பட்டியல்

போன மாதம் எங்கள் ஒழுங்கைக்கு வெள்ளம் வந்தபோது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அருமையான பட்டியல்!

கண்டாவளைப் பக்கம் மாரி என்றால் குளத்து வான்கதவு திறக்கும், வயலும் வீதியும் ஒன்றாகும். அதனால் இந்த முறை முன்கூட்டியே யோசித்தோம். யோசித்தது நான்தான் என்றால் மனைவி சிரிப்பாள்... பரவாயில்லை. ஒழுங்கையிலிருக்கும் பதினான்கு வீட்டாரையும் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, ஒரு கொப்பியை விரித்து, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். அந்தரம் ஆபத்து என்றால் நீங்கள் என்ன உதவி செய்வீர்கள்?

அப்பப்பா, என்ன தாராளம்! நிமலன் தன் உழவு மெசினையும் அது இழுக்கும் பெட்டியையும் தருவதாகச் சொன்னான். மேசன் வேலைக்காரர் ஏணியும் கயிறும் என்றார். தவமணி அக்கா எழும்பி, பள்ளிக்கூடத்தில் சனம் தங்கினால் நூறு பேருக்கென்றாலும் தான் சமைப்பதாகச் சொன்னார். ‘தவமணி அக்கா — சமையல்’ என்று எழுதிக்கொண்டேன்.

அக்காவுக்கு அறுபது வயது. தனியாள். கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து, முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது. செயற்கைக் கால்தான். ஆனால் அந்தக் காலோடு சைக்கிள் ஓடுவார், தோட்டம் கொத்துவார், கோயில் பொங்கலுக்குக் கிடாரம் தூக்குவார். நாங்கள் அந்தக் காலை மறந்தே போனோம். உண்மையாகவே மறந்துபோனோம்.

வெள்ளம் காலை ஏழு மணிக்கு வந்தது. எல்லாம் பட்டியல்படி நடந்தது. வயதானவர்களையும் பிள்ளைகளையும் நிமலனின் பெட்டி பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வந்தது. நான் விறாந்தையில் கொப்பியோடு நின்று, ஒவ்வொரு பெயராகச் சரி போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்பதரைக்கு அரிசி வந்தது, விறகு வந்தது. சமைக்கிறவரைக் காணவில்லை. இவ்வளவு நேரமாக என்ன செய்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவரை ஏற்றி வருவது யாருடைய பொறுப்பு? கொப்பியைப் புரட்டினேன். ஒருவருடையதும் இல்லை! அவர்தான் உதவி செய்கிறவர்களின் பட்டியலில் இருந்தாரே. போன் அடித்தோம், வேலை செய்யவில்லை.

நானும் நிமலனும் மெசினில் பறந்தோம். ஒழுங்கை முகப்போடு மெசின் நின்றுவிட்டது. அங்கால் இடுப்பளவு தண்ணீர். வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்தோம்.

அக்கா சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தார். மேசைக் காலில் பாதிக்கு மேல் தண்ணீர். கழற்றிய காலை இரண்டு சொப்பிங் பைகளில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தார்.

சைக்கிளில் வரலாம் என்றுதான் இருந்திருக்கிறார். சாமான்களை உயரத்தில் ஏற்றி முடிப்பதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கால் நனைந்தால் பழுதாகிவிடும். புதுக் காலுக்கு எத்தனை மாதம் அலைய வேண்டும்? கழற்றினால் நடக்க முடியாது. போனில் சார்ஜ் முடிந்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முதலே ஏன் ஒரு கோல் எடுக்கவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். பயந்துபோனவனுக்கு வேறு என்ன வரும்?

“நான் சமைக்கிறன் எண்டெல்லோ சொன்னனான். பிறகு என்னைத் தூக்க வாங்கோ எண்டு எப்பிடித் தம்பி கேக்கிறது?”

நிமலன் முதுகைக் காட்டிக் குனிந்தான். அக்கா ஏறிக்கொண்டார். காலை என் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான் பின்னால் நடந்தேன். வழி முழுக்க அழுதேன், வெட்கமில்லாமல்.

எங்கள் சனம் ஒரு காலத்தில் அகதி முகாமில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற சனம். அரிசிக்கு, தண்ணீருக்கு, கூரைக்குத் தறப்பாளுக்கு... நின்று நின்று, ‘எனக்கு வேணும்’ என்ற சொல்லே வாய்க்கு வராமல் போய்விட்டது. தருகிறேன் என்று சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். தெரிந்திருந்தும் பாதிக் கேள்வியைத்தானே கேட்டிருக்கிறேன்!

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடினோம். அதே கொப்பி. இந்த முறை கேள்வி வேறு — உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நானும்தான்.

தவமணி அக்கா எழும்பினார். “தண்ணி வந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேணும். எழுதுங்கோ தம்பி.”

எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து நிமலன் எழும்பினான். இடி முழங்கினால் அவனுடைய அம்மா செல்லடி என்று நினைத்துக் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாராம். அவன் மெசினோடு வெளிக்கிட்டால் யாராவது அம்மாவோடு இருக்க வேண்டுமாம். பக்கத்து வளவுக்காரன், பத்து வருஷமாக எனக்கு இது தெரியாது. பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது.

கொப்பியை மூடப் போனேன்.

“உங்கடை பேருக்கு நேரை ஒண்டும் எழுதேல்லையே?” என்றார் அக்கா.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பதின்மூன்று வீட்டாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதினேன்: ‘நீந்தத் தெரியாது.’