இரண்டு மணிக்கு ஒரு காது

அவளுடைய பெயர் வீட்டு நர்சிங் அலுவலகத்தின் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் சார்ட்டக்கா.

முப்பத்து நான்காம் வயதில், கணவன் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போன மறுமாதம், நோயாளர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். உட்கார்ந்து அழ நேரமில்லை; வகுப்பு காலை ஏழு மணிக்கு. ஒன்பது மாதம் படித்து முதல் நோயாளியிடம் போனபோது, நேற்று இவருக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்று டாக்டர் கேட்டார். போதுமான அளவு என்று இவள் சொன்னாள். "போதுமான அளவுன்னா எத்தனை மில்லி?" என்றார் அவர். அன்றைக்கு முகம் சுண்டிப்போனவள், அதன் பிறகு பதினெட்டு வருஷமாக எதையும் எழுதாமல் விட்டதில்லை. உள்ளே போனது, வெளியே வந்தது, எந்த நேரம், எந்தப் பக்கம். மகளின் காய்ச்சலுக்கும் சார்ட், வீட்டு வாஷிங் மெஷினுக்கும் சார்ட். பேச்சுக்கு நடுவில் மருமகன் எத்தனை தடவை போனைப் பார்க்கிறான் என்பதற்கும் ஒரு சார்ட் வைத்திருக்கிறாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிளப்பிவிட்டிருந்தார்கள். அது அபாண்டம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எழுதினாள்.

இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரை. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் விழவில்லை. பதினோரு வாரமாகக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை அவர் வீட்டில் இவள்தான். முதல் மாதம் தலையணை சாய்ந்தாலும் நிமிரத் தெரியாமல் கிடந்த மனிதர், இப்போது கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்காருகிறார். அடுத்தது நிற்பது. இந்தக் கட்டத்தில் ஆள் மாறினால் நோயாளி ஒரு மாதம் பின்னால் போய்விடுவார். புது ஆளின் பிடியில் உடம்பு நம்பிக்கை வைக்காது. இது சார்ட்டக்காவுக்குத் தெரியும், சர்வேயருக்கும் தெரியும். தெரியாதது மேற்பார்வை நர்ஸுக்குத்தான்.

மேற்பார்வை நர்ஸுக்கு அலுவலகத்தில் 'மூணு ரிங்' என்று பெயர். அவர் எப்போது வேண்டுமானாலும் போன் செய்வார். மூன்று மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று தடவை எடுக்காவிட்டால் அந்த வீட்டிலிருந்து மாற்றம். ஆள் தூங்குகிறாளா, விட்டுவிட்டு வெளியே போய்விட்டாளா என்று கண்டுபிடிக்க வைத்த விதி. தப்பான விதி என்று சொல்ல முடியாது. ஆனால் நோயாளியின் முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பவளுக்கு இரண்டு கையிலும் உறை இருக்கும். அதைக் கழற்றி, கையைக் கழுவி, துடைத்து, போனை எடுப்பதற்குள் அது ஒன்பது தடவை அடித்து ஓய்ந்திருக்கும். அந்த மாதம் பிறந்து எட்டு நாளில் சார்ட்டக்கா கணக்கில் இரண்டு தவறிப்போன அழைப்புகள். இரண்டுமே மலம் துடைத்த நேரம். அதையும் நேரத்தோடு எழுதிக் கொண்டுபோய் மேலாளர் மேஜையில் வைத்தாள்.

"ஒண்ணு எனக்கு மூணாவது கை குடுங்க, இல்லைன்னா அந்த விதியை மாத்துங்க" என்றாள்.

மேலாளர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். விற்பனைக்காரர் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன ஒயர் இல்லாத ஹெட்செட். ஏற்கெனவே ஒன்றை இன்னொரு வீட்டில் வேலை பார்க்கும் ஜிம் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், அவன் ஒன்றுக்கும் உதவாது என்கிறான், நீங்களும் பத்து நாள் வைத்துப் பாருங்கள் என்றார். பன்னிரண்டு மணி நேர வேலையை இது தாங்கினால் இருபத்தெட்டுப் பேருக்கும் வாங்குவது. தாங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிட்டு விதி விதியாகவே இருப்பது. இடையில் மூன்றாவது அழைப்பு தவறினால் தவறியதுதான், சோதனைக் காலம் என்று சலுகை கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பக்கத்தில் நின்ற மூணு ரிங் சொன்னார்.

பெட்டி உள்ளங்கையில் அடங்கியது. வழவழப்பான வெள்ளை, மூலைகள் உருண்டை, மூடினால் டப் என்று ஒரு சத்தம். உள்ளே இரண்டு குழி, குழிக்கு ஒன்றாக இரண்டு காதுத் துண்டுகள். பெட்டியைக் கரண்டில் போட்டு வைத்தால் பெட்டி நிரம்பும். பிறகு கரண்டே இல்லாத இடத்திலும் பெட்டி துண்டுகளை நிரப்பும். அட்டையில் இருபத்து நான்கு மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சர்வேயர் அதைப் பார்த்ததும் கையை நீட்டினார். "கொண்டாம்மா, வாய் காலியா இருக்கு."

"ஐயா, இது உங்க பல் செட் இல்ல. என் காது."

"பெட்டி அதே மாதிரிதானே இருக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பல் டப்பாவை ஜன்னல் பக்கமும் காதுப் பெட்டியை மருந்துத் தட்டிலும் வைப்பது என்று அன்றே முடிவாயிற்று. சார்ட்டக்கா ஒரு புதுத் தாளை எடுத்து நாலு கட்டம் கோடு போட்டாள். நேரம், உள்ளே போனது, வெளியே வந்தது, குறிப்பு. நோயாளிக்குப் போடுகிற அதே தாள். மேலே நோயாளி பெயர் என்ற இடத்தில் 'ஹெட்செட்' என்று எழுதினாள். உள்ளே போனது சார்ஜ், வெளியே வந்தது பேச்சு. வேறு எப்படி ஒரு பொருளைச் சோதிப்பது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

முதல் நாளே முதல் கோளாறு. அழைப்பை எடுக்கக் காதுத் துண்டை விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டுமாம். ஈர உறை போட்ட விரலுக்கு அது அசையவில்லை. அப்படியே அசைந்தாலும் மலம் துடைத்த விரலைக் காதுக்குக் கொண்டுபோகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த சர்வேயரின் மகள் போனை வாங்கிக் குடைந்து, ஹெட்செட் மாட்டியிருந்தால் இரண்டாவது மணியில் அழைப்பு தானாகவே எடுத்துக்கொள்ளும்படி ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். "இனிமே நீங்க சும்மா இருந்தாலே அது எடுத்துக்கும்க்கா" என்றாள். சும்மா இருப்பது எப்படி என்று சார்ட்டக்கா யோசித்தாள்.

அடுத்தது தூரம். போனைக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டு எவ்வளவு தள்ளிப் போனால் குரல் அறுகிறது? தரையில் பதித்த டைல்ஸை எண்ணிக்கொண்டே நடந்தாள். குளியலறைக் கதவு வரை பதினெட்டு டைல்ஸ் தெளிவாக வந்தது, உள்ளே போனதும் கரகரத்தது. பதினெட்டு என்று எழுதப்போனபோது கட்டிலிலிருந்து எதிர்ப்பு வந்தது. முப்பத்தாறு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவருக்கு டைல்ஸ் கணக்குப் பொறுக்குமா?

"எல்லா டைலும் ஒரே அளவுன்னு உனக்கு யாரும்மா சொன்னது? வெட்டிப் போட்டது எத்தனை, முழுசு எத்தனை?"

அவருடைய பழைய அளவு நாடா அலமாரியிலிருந்து இறங்கியது. ஒரு முனையை அவர் வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், மறுமுனையை மகள் இழுத்துக்கொண்டு போனாள். கூடத்து மேஜைக்கும் கட்டிலுக்கும், கட்டிலுக்கும் குளியலறைக்கும் தனித்தனியாக அளந்து கூட்டினார். எட்டு மீட்டர் எழுபது. பதினோரு வாரத்தில் அந்த மனிதர் வலி என்ற வார்த்தையைச் சொல்லாத முதல் அரை மணி அது. சார்ட்டக்கா இதையும் குறித்துக்கொண்டாள், ஆனால் அவருடைய தாளில்.

மூன்றாம் நாள்தான் அடி விழுந்தது. காலையிலிருந்து இரண்டு காதிலும் துண்டை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். பன்னிரண்டே முக்காலுக்குக் காதுக்குள் ஏதோ மூன்று தடவை கீச்சிட்டது. சர்வேயரை ஒருக்களித்துப் பிடித்தபடி முதுகு துடைத்துக்கொண்டிருந்தவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மணிக்கு இரண்டு காதும் ஒரேயடியாகச் செத்தன. ஒன்று ஐந்துக்குக் கட்டிலோரத்து மேஜையில் இருந்த போன் அடித்தது. ஒன்று. இரண்டு. விட்டால் சர்வேயர் கவிழ்ந்துவிடுவார். விடாவிட்டால் வீடு போய்விடும்.

சர்வேயர் ஒருக்களித்துக் கிடந்தபடியே வலது கையை நீட்டித் துழாவி, போனைத் தட்டினார்.

"சொல்லுங்கம்மா. உங்க ஆளு இங்கதான் இருக்கா. ரெண்டு கையும் என் முதுகுல இருக்கு. என்ன வேணும்?"

 மூணு ரிங், எடுத்தது நோயாளி என்பதால் இதை முழுதாகத் தவறாத அழைப்பு என்றும் சொல்ல முடியாது, தவறியது என்றும் சொல்ல முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். அலுவலகக் கணக்கில் சார்ட்டக்கா இரண்டரை ஆனாள்.

அன்று மாலை ஜிம் தம்பியிடம் போனில் விசாரித்தாள். அவனும் அப்படித்தான், காலையில் இரண்டு காதிலும் மாட்டி, மத்தியானம் செத்ததும் தூக்கி எறிந்திருக்கிறான். போதாக்குறைக்கு இரண்டு காதும் அடைத்திருந்ததால் பக்கத்து அறையில் நோயாளி கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. "அட்டையில இருவத்தி நாலு மணி நேரம்னு போட்டிருக்கான் அக்கா, சுத்தப் பொய்" என்றான். போனை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தாள். உள்ளே போனது: காலை ஒரே தடவை. வெளியே வந்தது: ஐந்து மணி நேரம், விடாமல். ஒரு நோயாளியை இப்படி வைத்திருந்தால் பயிற்சி ஆசிரியை தோலை உரித்திருப்பார்.

எதிர்ச் சுவரில் சர்வேயரின் தாள் தொங்கியது. எட்டு மணி இடது பக்கம். பத்து மணி நாற்காலி. பன்னிரண்டு வலது பக்கம். இரண்டு மணிக்கு மல்லாக்க. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் உடம்பே கடிகாரமாகிவிட்ட வேலை அது. சார்ட்டக்கா இந்தத் தாளையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு குழி.

"அட, உன்னையும் திருப்பிப் போடணும்" என்று ஹெட்செட்டிடம் சொன்னாள்.

நான்காம் நாளிலிருந்து ஒரு காதில்தான் மாட்டினாள். மற்றது பெட்டிக்குள் படுத்திருந்தது. சர்வேயரைத் திருப்பும்போதெல்லாம் காதையும் மாற்றினாள். மாட்டியிருந்ததைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, நிரம்பியதை எடுத்து மறுகாதில். தனியாக ஞாபகம் வைக்க ஒன்றுமில்லை. ஒரு காது எப்போதும் நோயாளிக்கு, ஒரு காது அலுவலகத்துக்கு. இரவு எட்டு மணிக்கு இரண்டு துண்டிலும் உயிர் இருந்தது, பெட்டியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. மூணு ரிங் அந்த ஆறு நாளில் பதினான்கு தடவை கூப்பிட்டார். சாதாரணமாக வாரத்துக்கு நாலு. பதினான்கும் இரண்டாவது மணியில் எடுக்கப்பட்டன. ஒரு தடவை சார்ட்டக்கா சர்வேயரின் கால் நகத்தை வெட்டியபடியே பதில் சொன்னாள், தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து அவர் பாட்டுக்கு "ஆமாம்மா" போட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் நேரில் பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. சர்வேயர் அன்று காலை ஒரு முடிவோடு இருந்தார். இன்றைக்கு நிற்கிறேன் என்றார். ஆட்கள் வரும் நாளில் வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள் இவள். "அவங்க உன்னைப் பாக்க வர்றாங்க. நான் பாட்டுக்கு நின்னுட்டுப் போறேன், உனக்கென்ன" என்றார். பத்து மணிக்கு நாற்காலிக்கு மாற்றும் நேரம். காதை மாற்றினாள். அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, தன் முழங்காலை அவருடைய விழுந்த முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்தாள். எண்ணினாள். மூன்றில் அவர் எழும்பினார்.

பாதி எழும்பியிருந்தபோது காதில் மணி அடித்தது.

மூணு ரிங் நாள் முழுக்கத் தேடியிருந்தாலும் இதைவிட மோசமான நேரம் அகப்பட்டிருக்காது. சார்ட்டக்கா கண்ணைக்கூடத் திருப்பவில்லை. இரண்டாவது மணியில் அது தானாக எடுத்துக்கொண்டது.

"எங்க இருக்கீங்க, என்ன பண்றீங்க?" என்றது குரல்.

"வீட்டுலதான். ஐயாவை நிறுத்திக்கிட்டு இருக்கேன். ரெண்டு கையும் பெல்ட்டுல. நீங்க பேசலாம், ஆனா நான் அவருக்கு எண்ணணும். ஐயா, முழங்கால நீட்டுங்க. பதினொண்ணு. பன்னெண்டு. மேல பாருங்க, தரைய பாக்காதீங்க."

 எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியபோது வாசல் கதவு திறந்தது. அன்று லீவு போட்டிருந்த மகள் கூட்டிவர, மேலாளரும், போனைக் காதில் வைத்தபடியே மூணு ரிங்கும் அறை வாசலில் வந்து நின்றார்கள். சர்வேயர் வியர்த்துக் கொட்ட, நேராக, இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுபது" என்று சார்ட்டக்கா முடித்து, அவரை நாற்காலியில் இறக்கினாள். பிறகுதான் திரும்பினாள்.

மூணு ரிங் போனைக் காதிலிருந்து எடுத்தார். நாற்காலியைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி நின்னிருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல. இன்னைக்குத்தான்."

"அப்படின்னா அந்த அரையை அடிச்சுடறேன்" என்றார். பிறகு, "மத்த ரெண்டையும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மேலாளர் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டு தாள்களையும் நின்று படித்தார். இது எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கேட்டதற்குச் சார்ட்டக்கா வாயைத் திறக்குமுன் நாற்காலியிலிருந்து பதில் வந்தது. எட்டு மீட்டர் எழுபது, நானே அளந்தது, சந்தேகம் இருந்தால் நாடா அங்கே இருக்கிறது.

இருபத்தெட்டுப் பேருக்கும் பெட்டி வந்தது. ஒவ்வொரு பெட்டியோடும் அலுவலகம் அச்சடித்த ஒரு தாளும் வந்தது: ஒரு காதில் மட்டும் மாட்டவும், நோயாளியைத் திருப்பும்போது காதை மாற்றவும். ஜிம் தம்பி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று ஒரு வாரம் சொல்லித் திரிந்தான். மூன்று மணி விதி போகவில்லை. அதன் பிறகு அது யாரையும் பிடிக்கவும் இல்லை.

அவர்கள் வந்துபோன அன்றைக்கு இரவு எட்டு மணிக்கு, பையை எடுக்கும் முன், சார்ட்டக்கா பத்தாம் நாள் கட்டத்தை நிரப்பினாள். நிற்றல்: எழுபது எண்ணிக்கை. அழைப்பு: எடுக்கப்பட்டது. இடது முழங்கால்: தாங்கியது. எழுதி முடித்த பிறகுதான் கவனித்தாள், எல்லாவற்றையும் ஹெட்செட்டின் தாளில் எழுதியிருந்தாள். பதினெட்டு வருஷத்தில் தாள் மாறி எழுதியது அதுதான் முதல் தடவை. அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, நாளைய தேதியில் ஒரு வரி சேர்த்தாள்: காலை பத்து மணி, நடை, முதல் அடி.