தப்பே இல்லாத படம்

பட்டறையில் அவருக்குப் ‘பிரஷர்’ என்று பெயர். காஸ் சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, தாங்குகிறதா இல்லையா என்று பார்த்து முத்திரை அடிப்பது அவர் தொழில். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் அவரைப் பார்த்ததில்லை. இதே பட்டறைக்குத் தரை கூட்ட வந்தவர். பிறகு பம்பு அடித்தார், பிறகு அழுத்தம் காட்டும் கேஜ் பார்த்தார், கடைசியில் பட்டறையே அவர் கைக்கு வந்தது. யார் சிபாரிசும் இல்லை, யார் காலையும் பிடித்ததில்லை. சொந்தக் கையை நம்பி மேலே வந்த மனுஷனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் முத்திரை வைத்த சிலிண்டர் ஒன்றுகூட எங்கேயும் வெடித்தது கிடையாது. இதை அவர் நாளைக்கு நாலு தடவை சொல்வார். சொல்லட்டுமே, உண்மைதானே.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரே பைத்தியம், விண்வெளிப் படங்கள். ராக்கெட் என்ன பெரிய ராக்கெட், அதுவும் ஒரு சிலிண்டர்தான், உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்பது அவர் கட்சி. சிலிண்டர் கொண்டுவரும் கல்லூரி வாத்தியார் ஒருவரிடம் கேட்டுக் கேட்டும், போனில் வீடியோ பார்த்துப் பார்த்தும், காற்றில்லாத இடத்தில் எது நடக்கும் எது நடக்காது என்று நிறையவே தெரிந்து வைத்திருந்தார். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்கத்தான் தெரியவில்லை.

அவர் மனைவி துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவில் இருந்தவள். வேலை முழுக்க நின்றபடிதான். நின்று நின்று முட்டி இரண்டும் தேய்ந்து, இடுப்பும் பிடித்துக்கொண்டு, கடைசியில் வேலையை விட்டாள். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதென்றாலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். ஆனால் விண்வெளிப் படம் வந்திருக்கிறது என்றால் போதும், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு முன்னாடியே கிளம்பி நிற்பாள். தன்னைப் பார்த்துத்தான் இந்த ஆசை அவளுக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்து அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். ஏன் பிடிக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தியேட்டரில் அவர் பக்கத்தில் உட்காருவது சாமானியப்பட்ட காரியமில்லை. படத்தில் ஒருத்தி மிதப்பாள். இவர், “முடி பாரு, ஒழுங்கா தோள்ல கிடக்குது, அங்க இப்படியா கிடக்கும்” என்பார். கதாநாயகி அழுவாள்; கண்ணீர் கன்னத்தில் வழிந்தால் இவருக்குப் பொறுக்காது. எடை இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படி இறங்கும், கண்ணிலேயே குமிழியாக ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று முன்வரிசைக்கும் கேட்கும்படி விளக்குவார். ஒரு படத்தில் கதாநாயகன், கப்பலுக்குள் காற்று நிறைந்திருக்கும்போதே, உட்பக்கமாகத் திறக்கும் கதவை ஒற்றைக் கையால் இழுத்துத் திறந்தான். அது இவர் தொழிலிலேயே கை வைத்த மாதிரி ஆகிவிட்டது. எழுந்தே நின்றுவிட்டார். இந்தக் கதவை இழுக்க யானைக் கூட்டமே வேண்டும் என்று சத்தம் போட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், “அந்தக் கூட்டத்துல ஒண்ணு இங்க எழுந்து நிக்குது, படம் மறைக்குதுப்பா” என்றது. தியேட்டரே சிரித்தது. அவர் மனைவி சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அவளுடைய தங்கை அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். அக்காள் வீட்டுக்காரர் என்ற மரியாதை மனசில் உண்டு, வாயில் கிடையாது. “மாமா, நீங்க படம் பாக்கப் போறீங்களா, டெஸ்ட் பண்ணப் போறீங்களா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்பாள். அவரோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

கொஞ்சம் கொஞ்சமாக மனைவி படத்துக்கு வருவதைக் குறைத்தாள். இன்றைக்கு முட்டி சரியில்லை என்பாள். படி ஏற முடியாது என்பாள். அவரும் நம்பினார். ஒருநாள் மத்தியானம் பட்டறையில் கரண்ட் போய், வழக்கத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தபோது, அக்காளும் தங்கையும் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதாகத் தங்கை சொன்னாள். மனைவிக்குப் பொய் வரவில்லை. படத்துக்குத்தான் போய் வந்தோம் என்று சொல்லிவிட்டாள்.

எந்தப் படம் என்று அவர் கேட்டார். பெயரைச் சொன்னாள். அவர் ஏற்கெனவே தனியாகப் பார்த்துக் காறித் துப்பிய படம். தன்னை விட்டுவிட்டுப் போனதைவிட, அந்தப் படத்துக்கா போனாள் என்பதுதான் அவருக்கு முதலில் உறைத்தது. அதில் ஆட்களைக் கயிறு கட்டித் தூக்கியிருக்கிறார்கள், இடுப்புக்கிட்டே துணி மடிந்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும், அதைப் போய் எப்படித்தான் ரசித்தாளோ என்று பொரிந்து தள்ளினார்.

அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, இரண்டு கையாலும் முட்டியை அமுக்கிக்கொண்டாள்.

“எனக்குக் கயிறெல்லாம் தெரியலங்க. அந்தப் பொண்ணு கால் தரையில படாமலே போறா. எதையும் பிடிக்காம போறா. அதைப் பாக்கும்போது, இப்படி ஒரு இடம் இருக்குன்னு தோணும். வலி கொஞ்ச நேரம் மறந்துபோகும். நீங்க பேச ஆரம்பிச்சா அந்த இடமே இல்லாம போயிடுது.”

இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்து எதைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம் என்று இப்போதுதான் விளங்கியது. இதைச் சரி பண்ணியே தீருவது என்று முடிவு கட்டினார். அவளோடு உட்கார்ந்து ஒரு படத்தையாவது அவளை ஆசை தீரப் பார்க்க வைக்க வேண்டும்.

சரி பண்ணுவது என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். வாயை அடக்கிப் பழகலாம் என்று தோன்றவில்லை. தப்பே இல்லாத படமாகத் தேடிப் பிடித்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்று தோன்றியது.

வாத்தியாரைக் கேட்டார், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கேட்டார். ஒவ்வொரு படமாகப் பட்டறையிலேயே போனில் போட்டுப் பார்த்தார். ஒன்றில் நெருப்பு பூமியில் எரிகிற மாதிரியே எரிந்தது, தள்ளினார். ஒன்றில் ஆள் தரையில் நடந்தே போனான், தள்ளினார். கடைசியில் வாத்தியார் ஒரு படம் சொன்னார். விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கும் ஒரு பெண்ணின் கதை. அதில் முடி நாலு பக்கமும் விரிந்து நின்றது. தண்ணீர் உருண்டையாக மிதந்தது. கதவுகள் அழுத்தத்துக்கு அடங்கி நடந்துகொண்டன. பாதிக்கும் மேலே பார்த்துவிட்டார், ஒரு குறை அகப்படவில்லை. அதற்குள் ஒரு லாரி சிலிண்டர் வந்து இறங்கியது. போதும், தேறிவிட்டது என்று போனை அணைத்துவிட்டார். நேரம் முடியுமுன் அழுத்தத்தை இறக்கிவிட்டு முத்திரை அடிக்கிற ஆளை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்துகிறவர், அவரே அப்படிச் செய்தார். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

விடுமுறை நாளில் கூடத்தில் டி.வி.க்கு எதிரே மனைவியை உட்கார வைத்து, முதுகுக்கு ஒன்று, காலுக்கடியில் ஒன்று என்று தலையணை வைத்தார். தங்கையும் வந்து சேர்ந்தாள். இன்றைக்கு மாமா வாயைத் திறந்தால் தைத்துவிட ஊசி கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டார். படத்தில் குறையே இல்லை என்று தனக்குத் தெரியாதா என்ன.

படம் ஓடியது. அவர் மூச்சு விடவில்லை. மனைவி முதலில் அடிக்கடி அவர் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரை மறந்துபோனாள். அந்தப் பெண் சுவரில் கட்டிய பைக்குள் நின்றபடியே தூங்கியபோது மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் நீளமான குழாய் போன்ற அறைக்குள் ஒரு விரலால் சுவரைத் தள்ளிவிட்டு மீன் மாதிரிப் போனபோது, மனைவியின் கைகள் நாற்காலிப் பிடியை விட்டு லேசாக மேலெழும்பின. அவர் டி.வி.யைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை எந்த வேலையும் அவருக்கு இவ்வளவு நிறைவாக முடிந்ததில்லை.

பிறகு அந்தப் பெண் பூமிக்குத் திரும்பினாள்.

புல்வெளியில் அவள் இருந்த கூண்டு வந்து விழுந்தது. ஆட்கள் ஓடிவந்து கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்தார்கள். மேலே மீனாகப் போனவளுக்குத் தலை நிற்கவில்லை. நாற்காலியில் வைத்து, கம்பளி போர்த்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எடை இல்லாமல் இருந்து இருந்து எலும்பு மெலிந்து, சதை வற்றிவிட்டது என்று டாக்டர் ஒருத்தி சொன்னாள். அடுத்த காட்சியில் அந்தப் பெண் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு அடி எடுத்து வைத்தாள். மனைவியை வாராவாரம் ஆஸ்பத்திரியில் நடக்க விடுவதும் அதே மாதிரிக் கம்பிக்கு நடுவில்தான்.

தங்கை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். மனைவியின் கை மறுபடி பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது.

“அங்க போனாலும் இதுதானா?” என்றாள்.

வாழ்நாளில் தொழில் விஷயத்தில் பொய் சொல்லாத மனுஷன், முதல் தடவையாகச் சொன்னார். “அதெல்லாம் சும்மாம்மா. கதைக்காகப் பண்ணியிருக்கான். தப்பு.”

“எங்க தப்பு? காட்டுங்க.”

அவர் டி.வி.யைப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டாவது அடிக்குத் திணறிக்கொண்டிருந்தாள். கால் நடுங்குவதும், வியர்வை முகவாயில் வழிந்து கீழே சொட்டுவதும், எல்லாம் எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்தன. எதிலும் குறை சொல்லிப் பழகிய நாக்கு அன்றைக்கு ஒரு குறைக்காகத் துழாவியது.

“அந்தக் கம்பி...” என்றார்.

“கம்பிக்கு என்ன?”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதாக ஒரு பொய் கிடைத்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பாள் என்று இப்போது அவர் சொல்கிறார். அப்போது அவருக்கு அது கிடைக்கவில்லை.

“அணைச்சிடுங்க. என்னைக் கொஞ்சம் தூக்கி விடுங்க,” என்றாள்.

அதற்கப்புறம் அவள் படம் கேட்கவில்லை. பிரஷரே வலியப் போய், தப்பும் தவறுமான படங்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று தலையாட்டினார். அவள் கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பார்ப்பாள். பிறகு, “நீங்க பாருங்க, எனக்குத் தூக்கம் வருது” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் அவர் சத்தமில்லாமல் எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது.