அக்கா விரல் வைத்த வரி

பூப்போட்ட சீட்டித் துணியில் உறை தைத்த கன்னடப் புத்தகம் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. எனக்குக் கன்னடம் காதுக்குப் புரியும், கண்ணுக்குப் புரியாது. ஆனாலும் நல்ல நாவலாக ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் பல காலம் இதைத்தான் சொல்லி வந்தேன். படிக்கவே தெரியாத புத்தகத்துக்கு இப்படி ஊரெல்லாம் விளம்பரம் செய்தவள் ஓசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதன் நடுவில் ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. விரல் நுனி அளவுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்பக்கத்து எழுத்து அதன் வழியாகத் தெரியும்.

ஐம்பதுகளின் நடுவில் கல்லாவியிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரி பஸ்ஸில் கண்டக்டர். ஒரே வளவில் இரண்டு வீடுகள், நடுவில் ராகி அரைக்கும் கல். எதிர்வீட்டில் கன்னடக்கார அக்கா. அவருடைய கணவர் பெங்களூர் மில்லில் வேலை பார்த்தார், ஞாயிறுதோறும் வருவார். அக்காவுக்குக் குழந்தை இல்லை. தமிழை எங்களைப் போலவே பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது. வந்த புதிதில், நான் வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்து ஊசி நூலால் கோத்துக் கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் புத்தகங்களை ஒரு முறத்தில் வைத்து எடுத்து வந்து காட்டினார். காய்கறிக்காரி கூட அப்படிப் பெருமையாக முறத்தை இறக்கியிருக்க மாட்டாள். வாரந்தோறும் பத்திரிகையை எங்கள் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரியிலிருந்து கொண்டு வருவார். அக்காவுக்குப் புத்தகம் பெங்களூரிலிருந்து வரும். இரண்டு பேருக்கும் பைத்தியம் ஒன்றுதான், எழுத்துதான் வேறு.

அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்துக்கொண்டோம். மத்தியானத்தில் ஒரு நாள் நான் கதை சொல்ல வேண்டும், மறுநாள் அக்கா. சொல்கிறவள் புத்தகத்தை மடியில் விரித்து உட்காரலாம். கேட்கிறவள் இரண்டு வீட்டு ராகியையும் அரைத்துச் சலிக்க வேண்டும். கதை சப்பென்று போனால் அரைக்கிறவள் கல்லை நிறுத்திவிடலாம். என் எழுத்தாளருக்காக நானும் அவருடைய எழுத்தாளருக்காக அவரும் போட்ட சண்டையில், வளவுக்காரம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, தெலுங்கில் என்னவோ முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் எழுத்தாளர் சிரிக்க வைப்பார். அக்காவுடையவர் வாயடைத்து உட்கார வைப்பார். "உங்க ஆளு ஒரு கல்யாணத்த முடிக்கவே நாப்பது வாரம் இழுக்கறாரு, புரோகிதரு ஊருக்குப் போயிட மாட்டாரா?" என்று கேட்பார் அக்கா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், சிரிப்பும் வரும்.

அக்கா ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார். ஒரு தடவை பத்திரிகை வராத வாரத்துக்கு நானே ஏதோ இட்டுக்கட்டிச் சொன்னேன். நான் சாகடித்த மாமா அடுத்த வாரப் பத்திரிகையில் உயிரோடு வந்து காப்பி குடித்தார். அக்கா கல்லை விட்டு எழுந்துவிட்டார். "எழுதினவரு கை வலிக்க எழுதியிருக்காரு. அத மாத்தறதுக்கு நீ யாரு? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. பொய் சொல்லிட்டு ராகி அரைக்க வெக்காதே." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான்தான் போய்ச் சமாதானம் செய்தேன்.

இந்தச் சீட்டித் துணிப் புத்தகம் வந்தபோது எனக்கு ஆறு மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளையைக் கல்லாவியில் பிரசவத்திலேயே பறிகொடுத்தவள் நான். நானும் பிழைத்தது ஏதோ புண்ணியம் என்றார்கள். ஆகவே இந்தத் தடவை நான் பிழைக்க மாட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அன்று என் முறை என்றாலும், "நீ இரு, நானே சொல்றேன்" என்று இந்தக் கதையை ஆரம்பித்தார். ஏழை வீட்டுப் பெண், ஆற்றங்கரை ஊர், நல்ல புருஷன். அவளும் பிள்ளைத்தாச்சி. அக்காவுக்கும் முடிவு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்த புத்தகம், அன்றன்றைக்குப் படித்து அன்றன்றைக்குச் சொல்வதுதான் அவர் வழக்கம்.

அந்தப் பெண்ணுக்கு வலி எடுக்கிற இடம் ஒரு மத்தியானத்தில் வந்தது. அன்று காலையில்தான் அக்கா எனக்கு உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டிருந்தார். நான் மாவு சலித்துக் கொண்டிருந்தேன். அவர் குரல் நின்றது. பார்த்தால், உதடு மட்டும் அசைய, பக்கத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். "என்னாச்சுக்கா, பொறந்துச்சா?" என்றேன். அக்கா தலையைத் தூக்கவில்லை. "பொறந்துச்சு. பொண்ணு. அம்மாக்காரி கண்ணு முழிச்சதும் கஞ்சி கேக்கறா" என்றார்.

நான் நம்பவில்லை. சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்து போய், "எங்க எழுதியிருக்கு? காட்டுங்க" என்று நின்றேன். அக்கா எண்ணெய்ப் பிசுக்குப் போகாத விரலை ஒரு வரியில் வைத்தார். "இங்க. இந்தா, பாத்துக்கோ." வட்ட வட்டமாக, முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி எழுத்துகள். நானும் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தேன். அச்சில் இருக்கிறது என்று ஆனபின் எனக்கு என்ன பயம்? அன்று ராத்திரி பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் கதையில் அந்தக் குழந்தைதான் எல்லாம். பெயர் வைத்தார்கள். பல் முளைத்தது, மண்ணைத் தின்றது, அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்தது, அம்மாவின் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டேதான் தூங்கியது. அக்கா ஒரு பக்கம் சொல்வார், தாளைப் புரட்டுவார், அடுத்த பக்கம் சொல்வார். "ஒரு ஆம்பளைக்கு இதெல்லாம் எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று நான் அதிசயப்பட்டேன். "தெரிஞ்சிருக்கு பாரு" என்றார், அவ்வளவுதான். என் வாரப் பத்திரிகைக்காரர் அன்றோடு தோற்றார். நானே ஒத்துக்கொண்டேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தது. கண் விழித்ததும் நான் கஞ்சி கேட்டேன். நர்ஸம்மா சிரித்தார். கதையில் வந்த குழந்தையின் பெயரையே வைத்தோம். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் என் மகள் சண்டைக்கு வருவாள். மூன்று வருஷம் கழித்து அக்காவின் கணவருக்கு மில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாமான் ஏற்றும்போது அக்கா புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "யாரையும் படிச்சுக் காட்டச் சொல்லாதே. நீயே உன் பொண்ணுக்குச் சொல்லு" என்றார். கதை சொல்வதில் அவருக்கு அத்தனை ஆசை என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்குச் சொன்னேன். சாமல்பட்டியில் இருந்த தங்கைக்குச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

மகள் வளர்ந்து பெங்களூரில் வேலைக்குப் போய், அங்கேயே கன்னடம் படிக்கவும் கற்றுக்கொண்டாள். ஒரு லீவில் வந்தவள், "என் பேரு அச்சுல எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்று புத்தகத்தை எடுத்தாள். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "எங்கம்மா? என் பேரே இதுல இல்லையே" என்றாள். நான் பெருமையாகக் கறைப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. முடிவு வரைக்கும் புரட்டிப் படித்துவிட்டு, "அம்மா, இதுல அந்தப் பொண்ணு செத்துப் போறா. குழந்தையும்தான். மீதிக் கதையெல்லாம் அவ புருஷன் ஊர் ஊரா அலையறதுதான்" என்றாள்.

கேட்கலாம் என்றால் அக்கா அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். மடியில் ஒரு சாவு விரிந்து கிடக்க, அதன் மேலேயே விரலை வைத்து, பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். எழுதியதை ஒரு சொல் மாற்றக் கூடாது என்று என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர். அதன் பிறகு மாதக்கணக்கில், கண்ணால் ஒரு துக்கத்தைப் படித்துக்கொண்டு, வாயால் ஒரு குழந்தையை வளர்த்திருக்கிறார். சேலைத் தலைப்பைச் சப்பித் தூங்குகிற அந்தப் பிள்ளையை அவர் எங்கே பார்த்தாரோ. இத்தனை வருஷம் நான் ஊரெல்லாம் புகழ்ந்த எழுத்தாளர் எனக்கு எதிர்வீட்டில் இருந்திருக்கிறார்.

மகள் புத்தகத்தை மூடப் போனாள். நான் விடவில்லை. அந்தக் கறையின் மேல் என் விரலை வைத்தேன். அக்கா விரல் கொஞ்சம் சின்னது.

"இங்கதான்டி நீ பொறந்தே" என்றேன்.