எந்தக் காது மடிந்திருந்தது

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். நானும் என் கணவரும் ஜெலாப்பாங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். நாய் மட்டும் கூடாது என்று வீட்டின் சொந்தக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். தோட்டத்து வாசலில் காவலிருந்த ஜாகாவிடம் நாயை விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பேர் கிடையாது. "டேய்" என்றால் வரும்.

என் கணவர் சிம்பாங் பூலாயில் கல் லாரி ஓட்டினார். விடியும் முன்பே போய்விடுவார். வந்தால் சாப்பிடுவார், தூங்குவார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பிள்ளையும் இல்லை. தோட்டத்தில் நாள் முழுக்க நாயோடு வாயாடிக்கொண்டிருந்தவள் நான். இங்கே சாயங்காலம் வாயைத் திறந்தால் குரலே கம்மிப்போய் வரும். தனியாக இருந்தேன். வேறு எப்படிச் சொல்வது?

வந்து இரண்டு வருஷமாகியும் பிரிக்காமல் கிடந்த மூட்டையில் அம்மா தைத்த ஒட்டுப்போர்வை இருந்தது. பழைய சேலை, சாரோங், சட்டைத்துணி எல்லாம் சேர்த்துத் தைத்தது. நாய் படுத்துப் படுத்து ஒரு பக்கம் நைந்துபோயிருந்தது. துவைக்க எடுத்தபோது தையல் இடுக்கில் செம்பட்டை முடி தெரிந்தது. துவைக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தை வெட்டி, ஒரு பலகையில் ஒட்டி நாயின் படத்தையே செய்துவிடலாம் என்று தோன்றியது.

உடம்புக்குப் போர்வைத் துண்டுகளை வைத்துத் தைத்தேன். முதுகு சொரசொரவென்று இருக்கச் சாக்கைப் பிரித்து நூலாக்கி, மரவள்ளி மாவைக் காய்ச்சி ஒட்டினேன். கண்ணுக்கு ரப்பர் விதையின் ஓடு. மூக்குதான் அமையவே இல்லை. கடைசியில், ரப்பர் மரம் சீவப் போகும்போது போட்ட என் பழைய சட்டையை எடுத்தேன். பால் சிந்திச் சிந்திக் கறுத்து இறுகியிருந்த இடத்தைக் கத்தரித்து ஒட்டினேன். அப்படியே ஈர மூக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டப் போறீங்களா?"

"ஆமாலா. நீயும் வந்து கும்புட்டுட்டுப் போ."

அதன் பிறகு காது. ஒன்று நிமிர்ந்திருக்கும், ஒன்று மடிந்திருக்கும். மடிந்தது இடதா, வலதா? எனக்கு மறந்துவிட்டது. எத்தனை வருஷம் தடவிக்கொடுத்த காது! ஒரு போட்டோகூட இல்லை. நாயை யார் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போகிறார்கள்? இடது பக்கம் மடித்துத் தைத்தேன், பிரித்தேன். வலது பக்கம் தைத்தேன், அதையும் பிரித்தேன். நாயைத் தெரிந்த தோட்டத்துச் சனமெல்லாம் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். ஜாகாவைப் போய்க் கேட்கலாமென்றால் தோட்டம் வெகு தூரம். கணவரைக் கேட்கவேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. அவர் அந்த நாயைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், பலகைக்கு முன்னால் நின்றார்.

"எடது காதுதான்லா மடிஞ்சிருக்கும்" என்றார்.

நான் ஊசியும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப வலதும் மடிஞ்சி போச்சி. வயசாயிருச்சில்ல."

"இப்பவா? நீங்க எங்க பார்த்தீங்க?"

"அந்தப் பக்கம் லோடு போறப்ப போய்ப் பார்ப்பேன். ரொட்டி வாங்கிப் போடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அழுவ."

"சொல்லாதப்ப சிரிச்சிக்கிட்டா இருந்தேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு போட்ட தட்டை ஓசைப்பட வைத்தேன். இத்தனை நாள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அந்த நாயையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்த தடவை லோடு அந்தப் பக்கம் போனபோது நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். தோட்டத்து வாசலில் லாரிச் சத்தம் கேட்டதும் நாய் ஓடிவந்தது. இரண்டு காதும் மடிந்துதான் இருந்தன. நான் முதலில் இறங்கி, "டேய்" என்றேன். வந்து என் கையை மோந்து பார்த்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஆட்டுவதுபோல வாலை ஒரு தடவை ஆட்டியது. பிறகு லாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் அவரிடம் ஓடிவிட்டது.

ரொட்டிக்காகத்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டேன். ரொட்டி என் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இடது காதை மட்டும் மடித்துத் தைத்தேன். வலது காதை நிமிர்த்தியே விட்டுவிட்டேன். படத்தில் இருப்பது நான் கூப்பிட்டால் வரும் நாய்.