உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம்

அடுத்தவர் செய்யும் தொழிலைப் பற்றிக் கேள்வி கேட்பதுதான் என் தொழில். கொழும்பில் இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகச் சப்ரகமுவ மாகாணம் முழுக்கச் சிறு தொழில் செய்பவர்களைத் தேடிப் போவேன். தொழிலில் புதிதாக என்ன செய்தீர்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்தச் சட்டம் குறுக்கே நின்றது என்று கேட்டு, பதிலைக் கையிலிருக்கும் டெப் கணினியில் பதிவேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்பதால் தமிழும் வரும், பஜாரில் பழகிய சிங்களமும் வரும். அதனால் மற்றவர்கள் போகத் தயங்கும் இடமெல்லாம் என் பட்டியலில்தான் வந்து விழும்.

காப்புறுதிக்கோ, குடிசனக் கணக்கெடுப்புக்கோ, டெங்கு நுளம்புப் பரிசோதனைக்கோ படிவத்தைத் தூக்கிக்கொண்டு படியேறியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாய்க்குப் பயப்படுவதைவிட, கதவைத் திறக்கும் முகத்துக்குத்தான் நாம் பயப்படுவோம். எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ஒவ்வொரு நேர்காணலுக்கு முன்னும் ஒரு வசனத்தை வாசித்துக் காட்ட வேண்டும்: "உங்கள் பெயரையும் நீங்கள் சொல்வதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்." வாசிப்பது சுலபம். அதைக் காக்கத்தான் இங்கே பெயர்களையும் ஊர்களையும் மாற்றிச் சொல்கிறேன்.

ஷட்டர்

பெல்மதுளைச் சந்திக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் செல்வராஜ் அண்ணன் மாணிக்கக்கல் பட்டை தீட்டும் மெஷின் செய்து விற்கிறார். பழைய வொஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றி, தானே கடைந்த தட்டில் பொருத்துகிறார். கம்பெனி மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் இவரிடம்தான் வருகிறார்கள். இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்ற சந்தோஷத்தில், "இதை எங்கயாவது பதிஞ்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போய் ஷட்டரைக் கீழே இழுத்தார். நான் உள்ளே நின்றேன்.

"யாரு அனுப்பினது?" என்றார். நிறுவனத்தின் கடிதத்தைக் கொடுத்தேன். அதிலிருந்த இலக்கத்துக்குத் தானே அழைத்தார். எங்கள் ஒருங்கிணைப்பாளர் ரமேஷ் சேர் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார், எடுக்கவில்லை. ஷட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவர் என்னையே பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த மேசையில் அரமும் சுத்தியலும் கிடந்தன. மூன்றாவதாக அலுவலக இலக்கத்துக்கு எடுத்தார். அங்கிருந்த பெண் என் அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கும் வரை அவர் முகம் மாறவில்லை.

பிறகு ஷட்டரைப் பாதி தூக்கினார், தண்ணீர் கொடுத்தார். முன்பு ஒருவன் இப்படித்தான் ஆய்வு என்று வந்து நாலு பக்கமும் படமெடுத்துப் போனானாம். கொஞ்ச நாளில் அதே மெஷின் அடுத்த ஊர்க் கடையில் விற்பனைக்கு நின்றதாம். நான் தண்ணீரைக் குடித்து முடித்ததும் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க மிஸ். உங்களை வெச்சுப் பூட்டல, மெஷினைத்தான் பூட்டினேன்."

மூடியின் நிறம்

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு எதிரே ரீட்டா அக்கா கஞ்சிக் கடை வைத்திருக்கிறார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவருக்குப் பச்சை மூடி, உப்பு ஆகாதவருக்கு நீல மூடி, சத்திரசிகிச்சை செய்தவருக்கு வெள்ளை மூடி. வார்டுக்குக் கொண்டுபோகிறவர் எழுத்துத் தெரியாதவராக இருந்தாலும் மாறிப் போகாது. "புதுசா ஒண்ணும் செய்யலீங்க, மூடியைத்தான் மாத்தினேன்" என்றார். பேச்சோடு பேச்சாக, கை கழுவ இன்னொரு தொட்டி கட்டாததால் லைசன்ஸ் புதுப்பிக்க முடியவில்லை என்பதையும் சொன்னார். நான் அதைப் பதிந்துகொண்டிருக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

ரீட்டா அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்விதான் இருந்தது: நீயா கூட்டி வந்தாய்? நான் டெப்பைக் கவிழ்த்து வைத்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று, ஏனென்றால் பரிசோதகர் அதைக் கவனித்துவிட்டார். யார் நீங்கள், என்ன எழுதினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கஞ்சி வியாபாரம் பற்றிக் கேட்டேன் மாத்தயா, என்ன பதில் சொன்னார் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை என்று நானும் சிங்களத்திலேயே பணிவாகச் சொன்னேன். அவர் அக்கா பக்கம் திரும்பி, "தொட்டி எப்போது?" என்றார். அடுத்த மாதம் என்றார் அக்கா. சரி என்று தலையாட்டி, பச்சை மூடியில் ஒன்று வாங்கிக்கொண்டு எதிரே ஆஸ்பத்திரிக்குள் போனார். அவருடைய அம்மா வார்டில் இருந்தார்.

ரீட்டா அக்கா சிந்திய கஞ்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவருக்கு எல்லாம் தெரியுங்க. நீங்க எழுதினதைப் பார்த்த பொறகுதான் எனக்குப் பயம் வந்துச்சு."

அட்டை மேஸ்

தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டம். மேலே தேயிலை, கீழே ரப்பர். மழை பிடித்தால் கொழுந்தெடுக்கிற பெண்களின் கால்களில் இரத்தம் உறிஞ்சும் அட்டைதான். அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், காம்பரா என்று சொல்லும் ஓர் அறையில் மல்லிகா என்பவர், தடித்த துணியில் முழங்கால் வரை வரும் மேஸ், அதாவது காலுறை தைத்து, மேல் விளிம்பில் ரப்பர் பாலைப் பூசிக் காய வைக்கிறார். ஏறி வருகிற அட்டை அந்தப் பூச்சைத் தாண்ட முடியாமல் கீழே விழுந்துவிடும். ரப்பர் பாலோடு எதைக் கலந்தால் வெடிக்காமல் இருக்கும் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மழைக்காலம் பிடித்ததாம். இப்போது மூன்று பெண்கள் அவரிடம் தைக்கிறார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போகிறது.

"பதிவு செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்கவே எனக்கு மனமில்லை, ஆனாலும் கேட்டேன். பிரதேச செயலகத்தில் பதிய வேண்டுமானால் தொழில் நடக்கும் இடத்துக்கு உரிமையாளரின் கடிதம் வேண்டும். காம்பரா தோட்டத்துடையது. லயத்தில் தொழில் செய்யக் கூடாது என்பது தோட்டத்தின் ஒழுங்கு. கடிதம் கேட்டுப் போனால், அந்தக் கேள்வியே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். பதிவில்லாமல் வங்கி உள்ளே விடாது. நான் வாசித்துக் காட்டிய அந்த வசனத்தை மல்லிகா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் தையல் மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு, என் டெப்பைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க சொல்ல மாட்டீங்க மிஸ். கேக்கிறவங்க கேட்டா, உங்க பொட்டி சொல்லாதா?"

ஜன்னல் ஓரம்

அன்று மாலை தோட்டத்தை விட்டு இறங்கும்போது துரை, அதாவது தோட்ட மேலாளர், என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். ஆய்வுக்கு அனுமதி தந்தவர் அவர்தான். நாற்காலி போட்டு, பிளேன்டீ கொடுத்து, நல்ல சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "இன்று எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? லயத்தில் யார் யார் தொழில் செய்கிறார்கள்? பட்டியலைக் காட்டுங்கள், வேறொன்றும் வேண்டாம்." எனக்கு அனுமதி இல்லை என்றேன். வெளியே வந்து ரமேஷ் சேருக்குப் போன் எடுத்தேன். "பேரை மட்டும் குடுத்துட்டு வாங்க கலா. இன்னும் பத்துப் பன்னிரண்டு தோட்டம் பாக்கி இருக்கு. இவர் கதவைச் சாத்தினா எல்லாம் போச்சு" என்றார் அவர். அந்த வசனத்தை எழுதியதும் அவர்தான்.

உள்ளே திரும்பியபோது துரை, "உங்கள் தலைவர் என்னோடு பேசும் வரை அந்த டெப் இந்த மேசையில் இருக்கட்டும்" என்றார். அதில் அன்றைய ஏழு பேரின் பதிவு இருந்தது. சிக்னல் கிடைத்தால் பதிவுகள் கொழும்புக்குப் போய்விடும். போனது டெப்பில் இராது. "மூடி வெச்சுத் தர்றேன் சேர்" என்று எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். சிக்னல் ஒரு கோடு வந்தது. அனுப்பு என்பதை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. ஏழு, ஆறு. பிறகு நின்றுவிட்டது. பின்னால் துரை நாற்காலியைத் தள்ளி எழுந்த சத்தம் கேட்டது. ஐந்து. நான்கு. கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினேன். மழைத் தூறல் திரையில் விழுந்தது. மூன்று, இரண்டு. கடைசியில் நின்றது மல்லிகாவின் பதிவு. துரை என் தோளுக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டியபோது அதுவும் போய்விட்டது.

அவர் டெப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இதில் ஒன்றுமில்லையே" என்றார். "அனுப்பியாச்சு சேர்" என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. நான் எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று மட்டும் கேட்டார். பொய் சொல்லலாம் என்று தோன்றியது, ஆனால் விலாசம் போட்ட அடையாள அட்டை என் கழுத்தில் தொங்கியது. சொன்னேன். அதே கம்பெனியின் கீழ்த் தோட்டத்தில் என் அம்மா இன்னமும் கொழுந்தெடுக்கிறார், நாங்கள் இருக்கும் காம்பராவும் அந்த வேலையோடு சேர்ந்ததுதான். படியில் இறங்கும்போது அலுவலகத்துக் கிளாக்கர் குனிந்த தலையோடு பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, ஒங்க அம்மா பேரை எழுதச் சொன்னாரு, எழுதிட்டேன். எனக்கு வேற வழியில்ல."

உச்சி மலை

அடுத்த திங்கட்கிழமை அம்மாவைக் கொழுந்தெடுக்க உச்சி மலைக்கு மாற்றினார்கள். செங்குத்து, லயத்திலிருந்து ஒரு மணி நேர நடை, மழைக்குக் கால் நிற்காது. காரணம் யாரும் சொல்லவில்லை. ரமேஷ் சேர் என்னைத் தோட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார், அதற்கும் காரணம் சொல்லவில்லை. இரண்டு வாரம் அம்மா வீங்கிய காலோடு வந்தார். பேரைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று ஒவ்வொரு மாலையும் எனக்குள் ஒரு குரல் கேட்டது. அதை நான் அடக்கிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் சுடுதண்ணீரில் அம்மாவின் காலை வைத்துவிட்டு, "என்னாலதாம்மா" என்றேன். யாருக்காக என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அம்மா காலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாருன்னு நீ ஒண்ணும் சொல்ல வேணாம், இந்தப் பக்கம் பாதிப் பேரு அவ மேஸ்தான் போடுறோம். உச்சி மலைக்கு எனக்கு இன்னொரு ஜோடி வேணும், அத மட்டும் வாங்கிக் குடு."

இரத்தினபுரி மண்டபம்

வருட முடிவில் இரத்தினபுரியில் ஒரு மண்டபத்தில் ஆய்வு முடிவுகளைச் சொன்னார்கள். நாங்கள் பதிவெடுத்தவர்கள் பின் வரிசையில் இருந்தோம். திரையில் ஒரு வரி வந்தது: தோட்டப் பகுதிகளில் புத்தாக்கம் அநேகமாக இல்லை. பதிவு செய்யாத தொழில்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அதன் கீழே பொடி எழுத்தில் இருந்தது. நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, மைக் கையில் இருந்தது. "இல்லன்னு போட்டிருக்கீங்க, நான் போய்ப் பார்த்திருக்கேன். எங்கன்னு மட்டும் சொல்ல முடியாது" என்றேன். முன் வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ரமேஷ் சேர் தலையைக் குனிந்துகொண்டார்.

தேநீர் இடைவேளையில் தொழில் அபிவிருத்தி அதிகாரி ஒருவர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "பேரையும் இடத்தையும் சொல்லுங்க தங்கச்சி, என்னால முடிஞ்சதைச் செய்றேன்" என்றார். துரை கேட்டதும் இதே பெயரைத்தான். மண்டபத்துக்கு வெளியே போய் மல்லிகாவுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. பிறகு, "நீங்க சொல்ல வேணாம் மிஸ். அவருகிட்ட போனைக் குடுங்க, நானே சொல்றேன்" என்றார். உள்ளே போய் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு நான் தள்ளி நின்றேன்.

தோட்டத்துக் கடிதத்துக்கு அதிகாரியாலும் வழி செய்ய முடியவில்லை. தெரணியகலை பஜாரில் யாருடைய அறையையாவது வாடகைக்கு எடுத்து அந்த விலாசத்தில் பதியலாம் என்றார். மல்லிகா ஒரு திரீவீல் கராஜுக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை ஒன்றை எடுத்தார். பிரதேச செயலகத்துக்குப் பல தடவை நடந்த பிறகு பதிவுப் பத்திரம் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டிய அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அறையில் அந்தப் பத்திரத்தையும் ஒரு ஸ்டூலையும் தவிர எதுவும் இல்லை. மெஷின் எங்கே என்று கேட்டேன். மல்லிகா கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "சட்டப்படி நான் இப்ப பஜார்ல இருக்கேன் மிஸ். மெஷினுக்கு இங்க இடம் பத்தல, அது லயத்துலதான் ஓடுது."

கேள்வி கேட்டுப் பிழைக்கிற உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: பதில் கிடைத்த பிறகுதான் நம் வேலையே ஆரம்பிக்கிறது, அந்தப் பகுதிக்குச் சம்பளம் கிடையாது.