நாலாம் மாடி ஆட்டுக்கல்

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை வைத்துத் தடுத்த அறையில் பல வருடம் குடியிருந்துவிட்டு, அறுபதுகளின் நடுவில்தான் எங்களுக்கு அரசாங்க வாடகை வீடு கிடைத்தது. நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கழிவறை. எனக்கு அதுவே சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தின் படிக்கட்டு அடியில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். என்னென்ன செய்யக் கூடாது என்று நாலு மொழியில் எழுதியிருந்தது. கோழி வளர்க்கக் கூடாது. நடைபாதையில் தொட்டி வைக்கக் கூடாது. இடித்து, அரைத்து கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு தரக் கூடாது. வெளியாளைக் குடிவைக்கக் கூடாது. மூச்சு விடக் கூடாது என்று மட்டும்தான் எழுதவில்லை.

என் பிழைப்பே அரைப்பதில்தான் இருந்தது. கணவருக்குத் துறைமுகத்தில் கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நான் தினமும் இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தேன். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போனது அந்த மாவால்தான். ஆகவே ஆட்டுக்கல்லும் எங்களோடு மாடி ஏறியது.

ஏற்றிக் கொடுத்தது பக்கத்து வீட்டு அக்காவிடம் குடியிருந்த தம்பி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கல்லைத் தோளில் வைத்து, மாடிக்கு ஒரு தடவை மட்டும் நின்று, கொண்டுவந்து இறக்கினான். ஒரு தம்ளர் காப்பிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த அக்காவுக்கு அவன் உறவே இல்லை. வாடகை கொடுத்து அவள் வீட்டில் பாய் விரித்தவன். அதிகாரி ஒருவர் வீடு வீடாகப் பார்க்க வந்தபோது, இது யார் என்று மலாயில் கேட்டார். அக்கா வாய் திறப்பதற்குள் நான்தான் முந்திக்கொண்டு, அவளுடைய கூடப்பிறந்த தம்பி என்று அடித்துவிட்டேன். நாள் முழுக்கத் தம்பி, தம்பி என்றுதானே கூப்பிடுகிறோம், அது பெரிய பொய்யாகக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வாடகை கட்டும் இடத்தில் கைநாட்டு வைக்க அக்காவுக்கு வெட்கம். அதனால் நான் மாவு ஆட்டும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளைகளின் சிலேட்டில் அவள் பெயரை எழுதப் பழக்கினேன். கடைசி எழுத்து மட்டும் எப்போதும் வரியை விட்டு மேலே ஏறிப்போய் நிற்கும். எவ்வளவு திருத்தியும் கீழே இறங்கவில்லை.

ஒரு நாள் மதியம் அதே அதிகாரி என் வாசலில் வந்து நின்றார். கீழ்வீட்டுக்காரருக்கு இரவு வேலையாம். என் கல் உருளும் சத்தத்தில் பகலில் தூங்க முடியவில்லையாம். ஒரு வாரத்தில் கல் போகாவிட்டால் வீடு போய்விடும் என்றார். இது ஒருவர் மட்டும் சொல்வதல்ல, எல்லோருமே சொல்வது என்று ஒரு புகார்த் தாளை நீட்டினார். ஆங்கிலம் எனக்குத் தெரியாது. கீழே நாலைந்து சீனக் கையெழுத்துகள், சில கைநாட்டுகள். நடுவில் தமிழில் ஒன்றே ஒன்று. அதன் கடைசி எழுத்து மேலே ஏறியிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தீபாவளிக்கு என் கல்லில் அரைத்தவள். என் சிலேட்டில் பழகிய கை. அதிகாரி படியிறங்கத் திரும்பினார். "அடுத்த வீட்டில் இருப்பவன் தம்பி இல்லை, வாடகைக்கு இருக்கிறான்" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அவர் எதையும் விசாரிக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பிறகு அக்கா வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"கீழ்வீட்டு ஆளு, எல்லாரும் போடணும்னு சொல்லி நீட்டினான்லா," என்றாள். "உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் கைநாட்டு வச்சிருந்தாங்க. நான் கையெழுத்து போட்டேன்."

அழுதுகொண்டு சொன்னாலும், கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என்ன தாள் என்று ஒரு வார்த்தை கேட்காமலா போட்டாள்? இன்றுவரை நான் முழுதாக நம்பவில்லை. அதிகாரியிடம் நான் சொன்னதை அவளிடம் சொல்லவும் இல்லை.

கல்லுக்குக் கொடுத்த அதே ஒரு வாரக் கெடுவைத் தம்பிக்கும் கொடுத்தார்கள். கடைசி நாள் காலையில் அவன் தகரப்பெட்டியோடு என் வாசலில் நின்றான்.

"அக்கா, கல்ல இறக்கணுமாமே. அண்ணனால தனியா முடியாது. நான் இறக்கிக் குடுத்துட்டுப் போறேன்."

பெட்டியை என் வீட்டு நடையில் வைத்துவிட்டுக் கல்லைத் தோளில் ஏற்றினான். குழவியை எடுத்துக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன். அப்போதும் மாடிக்கு ஒரு தடவைதான் நின்றான். கீழே, அந்தப் பலகைக்கு அடியில் கல்லை வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"யாரோ ஆபீஸர்கிட்ட என்னைப் போட்டுக் குடுத்துட்டாங்கக்கா. யாரா இருக்கும்?"

"தெரியலையே தம்பி," என்றேன்.

"உங்க மேல பெட்டிஷன் போட்ட அதே ஆளாத்தான் இருக்கும். விடுங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, பெட்டியை எடுக்க மறுபடியும் நாலு மாடி ஏறினான்.